வார்டன் ஹாட்ஜஸைத் தேடி: தெட்ஃபர்டில் ஒரு சனிக்கிழமை

இரண்டாம் உலகப் போர்க் காலத்து உள்ளூர்க் காவல் படையைப் பற்றிய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் ‘டாட்'ஸ் ஆர்மி’. அதில் வரும் வால்மிங்டன்-ஆன்-சீ, தெற்கு இங்கிலாந்தின் கடலோரக் கற்பனை ஊர். 1968 முதல் 1977 வரை பிபிசியில் வந்த 80 பகுதிகளின் வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டது நார்ஃபோக்கின் தெட்ஃபர்டிலும் அதைச் சுற்றியும்தான். தெட்ஃபர்டில் கடலே கிடையாது.

சனிக்கிழமை போவதே நல்லது. இங்குள்ள ‘டாட்'ஸ் ஆர்மி’ அருங்காட்சியகத்தைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். வாரநாளில் போனால் பெரும்பாலும் பூட்டிய கதவுதான். குளிர்காலத்தில் நாள்கள் இன்னும் குறையும். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ் அல்லது ஈலி வந்து, நாரிச் ரயிலுக்கு மாறுங்கள். தெட்ஃபர்டு நிலையத்திலிருந்து ஊர் மையம் பத்து நிமிட நடை.

ஆற்றங்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், படையின் தலைவரான கேப்டன் மேனரிங்கின் வெண்கலச் சிலை 2010இல் வைத்தது. பெயரை எழுத்துக்கூட்டினால் ‘மெயின்வாரிங்’ என்று வரும், சொல்வது ‘மேனரிங்’. வழி கேட்கும்போது அப்படியே கேளுங்கள். எதிரே உள்ள பெல் ஹோட்டலில்தான் படப்பிடிப்பு நாள்களில் நடிகர்கள் தங்கினார்கள். தொடரில் நகர மன்றமாக வரும் கில்ட்ஹாலின் பின்பக்கம், கேஜ் லேனில், பழைய தீயணைப்பு நிலையத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது.

தொடரில் வரும் கசாப்புக் கடைக்காரர் ஜோன்ஸின் வேன் அங்கே இருக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். 1930களின் அந்த ஃபோர்டு வேன் மின்ஸ்டர்கேட் தெருவில், நீராவி இயந்திரங்களுக்கான சார்லஸ் பரல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் திறப்பு நாள்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேனின் பக்கவாட்டுத் துளைகளை அருகில் போய்ப் பாருங்கள். தொடரில் துப்பாக்கி முனைகள் வரிசையாக வெளியே நீள்வது அவற்றின் வழியாகத்தான்.

தொடரின் அருங்காட்சியகத்தில், படையின் முன்வரிசை ஏழு பேரின் படங்களை எல்லோரும் பார்ப்பார்கள். துணை நடிகர்களின் படங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். இந்தத் தொடரின் பாதி உயிர் அவர்களிடம் இருக்கிறது. விமானத் தாக்குதல் எச்சரிக்கைக் காவலராக, ‘விளக்கை அணை!’ என்று கத்தும் வெள்ளை ஹெல்மெட் வார்டன் ஹாட்ஜஸாக நடித்தவர் பில் பெர்ட்வீ. பாதிரியாராக ஃபிராங்க் வில்லியம்ஸ். அவர் பின்னாலேயே, அங்கி மேல் தட்டைத் தொப்பியோடு வரும் வெர்ஜராக, அதாவது தேவாலயப் பணியாளராக, எட்வர்ட் சின்க்ளேர். மூவரும் ஒரே ஃபிரேமில் வந்தாலே போதும், கேப்டனுக்கு அன்றைக்குத் தோல்விதான். திருமதி ஃபாக்ஸாக வரும் பமீலா கண்டெல், திருமதி பைக்காக வரும் ஜேனட் டேவிஸ் இருவரையும் விட்டுவிடக் கூடாது. பின்வரிசையில் நிற்பவர்களில் ஸ்பாஞ்ச் என்ற பெயரோடு அடையாளம் காணக்கூடியவர் காலின் பீன். முன்வரிசையில் வாக்கராக நடித்த ஜேம்ஸ் பெக் 1973இல் இறந்த பிறகு, அடுத்த ஆண்டு சீஸ்மேனாக டால்ஃப்ரின் தாமஸ் படையில் சேர்ந்தார்.

தேவாலயக் கூடத்தை ஊரில் தேட வேண்டாம், அது ஸ்டுடியோ செட். படை அலைந்து திரியும் புதர்க்காடு ஸ்டான்ஃபோர்டு ராணுவப் பயிற்சி நிலம். இன்றும் குண்டுகள் வெடிக்கும் இடம். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வேலியோரப் பாதைகளிலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முயல வேண்டாம்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் நாரிச்சிலிருந்து ஷெரிங்ஹாமுக்கு ரயில் பிடியுங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே சாலையைக் கடந்தால் பழைய நீராவி ரயில் பாதையின் நிலையம்; முதல் பெரிய நிறுத்தம் வேபோர்ன். 1973இன் ‘தி ராயல் டிரெயின்’ எடுத்தது இங்கே. வார்டனும் பாதிரியாரும் வெர்ஜரும் கைவிசை டிராலியில் மேலும் கீழுமாக அழுத்தி ரயிலைத் துரத்தியது இந்தத் தண்டவாளத்தில்தான். வேபோர்ன் கிராமம் நிலையத்திலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கிறது, திரும்பும் ரயிலின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.