கேள்வி கேட்கவும் ஒரு சென்ட்

ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி வாக்கில் எங்கள் குழுவில், அமேசானிடம் வாடகைக்கு எடுத்திருக்கும் கிளவுட் (ஏடபிள்யூஎஸ்) பற்றி ஒரே கேள்விதான் வரும்: "பில் ஏன் ஏறியிருக்கு?" கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் போதும். அந்த ஒரு வரிக்காக நான் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரை (ஏடபிள்யூஎஸ்ஸின் செலவு காட்டும் பக்கம்) திறந்து, சர்வீஸ் வாரியாகப் பிரித்து, எந்தப் பட்டை வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதை மறுபடி யூசேஜ் டைப் (எந்த வகைப் பயன்பாடு) வாரியாக உடைத்து, எக்ஸெலில் ஒட்டி, நடுவில் யாரோ கூப்பிட, எங்கே விட்டேன் என்று மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து. அரை நாள் காலி. இதை ஏஐ உதவியாளரின் தலையில் கட்டிவிட முடியுமா என்று சில மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இணைக்க ஒரு மாலைதான் ஆனது. அது சொல்லும் எண்ணை நம்பி அடுத்தவருக்கு அனுப்ப எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இணைப்பு எம்சிபி வழியாக. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்று 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்டது, இப்போது மற்ற உதவியாளர்களும் பேசும் மொழியாகிவிட்டது. விஷயம் எளிது. எம்சிபி சர்வர் என்பது ஒரு சின்ன புரோகிராம்; "என்னிடம் இந்தந்தக் கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன தகவல் கொடுக்க வேண்டும்" என்று அது மாடலுக்கு, அதாவது உதவியாளருக்குள் இருக்கும் ஏஐக்கு, சொல்லும். மாடல் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து தேதி, வடிகட்டி எல்லாம் நிரப்பிக் கொடுக்கும். சர்வர் நம் அனுமதியை வைத்து ஏபிஐயை (புரோகிராம்கள் தரவு கேட்கும் வழி) கூப்பிட்டு விடையைத் திருப்பித் தரும். சாவி சர்வரிடம்தான் இருக்கும். அமேசானின் செலவுத் தரவுக்கும் விலைப்பட்டியலுக்கும் அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் லேப்ஸ் ஆயத்த சர்வர்களை கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. கூகுள் கிளவுட் என்றால் பில்லிங் தரவை பிக்குவெரி என்ற அவர்களின் தரவுக் கிடங்குக்கு எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அதன்மேல் கேள்வி கேட்பது சுலபம். அந்த எக்ஸ்போர்ட்டை இன்றே இயக்கி வைத்துவிடுங்கள், பல வருஷத்துப் பழைய தரவு தானாக வந்து நிரம்பாது.

அனுமதி பற்றி மட்டும் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். தயவுசெய்து உங்கள் அட்மின் புரொஃபைலைத் தூக்கி அந்த சர்வரிடம் கொடுக்காதீர்கள். செலவைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள தனி ஐஏஎம் ரோல் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி அடையாளம்) ஒன்றை உருவாக்க பத்து நிமிஷம் கூட ஆகாது. மாடல் தானாகக் கிளம்பி எதையாவது அழித்துவிடும் என்பது பயத்தில் பாதிதான். மீதிப் பாதி, டேக்குகளும் (ரிசோர்ஸ்கள்மேல், அதாவது நாம் வாங்கிய மெஷின், டிஸ்க் போன்றவற்றின்மேல் ஒட்டும் சீட்டுகள்) ரிசோர்ஸ் பெயர்களும் யாரோ ஒருவர் தட்டச்சு செய்த எழுத்து. ஒரு டேக்கின் மதிப்பில் யாராவது ஒரு கட்டளையை எழுதி வைத்தால் அதுவும் மற்ற தரவோடு சேர்ந்து மாடலுக்குள் போகும், அதுவோ எடுப்பார் கைப்பிள்ளை. எழுதும் அனுமதி இல்லாவிட்டால் அந்தக் கட்டளையால் எதையும் அழிக்க முடியாது. ஒவ்வொரு கருவி அழைப்புக்கும் ஒப்புதல் கேட்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பதினைந்தாவது முறை கேட்கும்போது நான் படிக்காமலேயே "சரி" அழுத்தினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது தலைப்பில் இருக்கும் சங்கதி. காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தில் நாம் எத்தனை முறை கிளிக் செய்தாலும் காசில்லை. அதன் ஏபிஐக்கோ ஒரு அழைப்புக்கு 0.01 டாலர். விடை நீளமாக இருந்து பல பக்கமாக வந்தால் பக்கத்துக்கு ஒரு சென்ட். மனுஷனுக்கு இது ஒன்றுமில்லை. உதவியாளர் அப்படி இல்லை, அது சந்தேகம் வந்தால் இன்னொரு முறை கேட்கும், வேறு மாதிரிப் பிரித்துக் கேட்கும், ஒரு பிழை வந்தால் உடனே திரும்பக் கேட்கும். ஒரே ஒரு "ஏன் ஏறியது"க்கு 38 அழைப்புகள் போனதை ஒருநாள் லாகில் எண்ணிப் பார்த்தேன். இதை மணிக்கொரு முறை ஓடும்படி வைத்தால் செலவைக் கண்காணிக்கும் செலவு என்று பில்லில் ஒரு புது வரி முளைக்கும். அதே அழைப்பு திரும்ப வந்தால் சேமித்து வைத்த பழைய விடையைத் தரும்படி ஒரு கேஷ் போட்டேன். தரவே ஒரு நாளில் சில முறைதான் புதுப்பிக்கப்படுகிறது, அதனால் எந்த நஷ்டமும் இல்லை. விவரமான செலவு அறிக்கையை எஸ்3 என்ற சேமிப்பிடத்துக்கு அனுப்பி, அங்கிருக்கும் கோப்புகளில் தேடும் அதீனா வழியாகக் கேட்பது இன்னொரு வழி, பல ரீஜியன்களில் (தரவு மையங்கள் இருக்கும் பகுதிகள்) ஒரு டெராபைட் படிக்க 5 டாலர். ஆனால் அந்தக் கோப்பை அப்படியே மாடலுக்குள் கொட்டாதீர்கள். முதல் வாரம் நான் கொட்டினேன். லட்சக்கணக்கான வரிகள், நூற்றுக்கு மேல் நெடுவரிசைகள், பாதியிலேயே மூச்சு நின்றுவிட்டது, மாடல் படிக்கும் எழுத்துக்கு ஆகும் டோக்கன் செலவு தனி.

சரி, தப்பான பதில்களுக்கு வருவோம். நான் கேட்ட முதல் கேள்வி, "போன மாதத்தோடு ஒப்பிட்டால் இந்த மாதம் எப்படி?" நாற்பது சதவீதம் குறைந்திருக்கிறது, வாழ்த்துகள் என்றது. அன்று தேதி பதினேழு. முழு மாதத்தை அரை மாதத்தோடு ஒப்பிட்டுவிட்டு வாழ்த்து வேறு. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: அந்த ஏபிஐயில் கடைசித் தேதி கணக்கில் சேராது. 1 முதல் 31 வரை என்று கேட்டால் 31ஆம் தேதியின் செலவு வராது, அடுத்த மாதம் 1 என்று கொடுக்க வேண்டும். மாடலுக்கு இது சில நாள் நினைவிருக்கிறது, சில நாள் இல்லை.

இரண்டாவது தப்பு அதன்மேல் சொல்லக்கூடியதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. சேவிங்ஸ் பிளான் (இவ்வளவு பயன்படுத்துவோம் என்று ஒப்பந்தம் போட்டுப் பெறும் தள்ளுபடி) ஒன்றை முன்பணம் கட்டி வாங்கியிருந்தோம். அன்பிளெண்டட் கணக்கில் பார்த்தால் பணம் கட்டிய அந்த ஒரு நாள் மலை போல எழுந்து நிற்கும். அமார்ட்டைஸ்டு கணக்கில் அதே பணம் ஒப்பந்த காலம் முழுக்கப் பரவிக் கிடக்கும். இரண்டும் சரியான கணக்கு. நான் எதைக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை, அது அன்பிளெண்டடை எடுத்துக்கொண்டு, அபாயம், அசாதாரண உயர்வு, உடனே விசாரியுங்கள் என்று நீளமாக ஒரு அறிக்கை எழுதியது. நான் அதைப் படித்துப் பார்க்காமல் மேலே அனுப்பியும் விட்டேன். (அந்த மாலை எப்படிப் போனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.)

டேக் கதை சிரிப்பு. குழு வாரியாகச் செலவு கேட்டேன். பட்டியலில் பெரிய செலவாளியாக "டீம்" என்றே பெயர் கொண்ட ஒரு குழு வந்து நின்றது. டேக் போடாத ரிசோர்ஸ்களின் செலவை அந்த ஏபிஐ, டேக்கின் பெயரும் (எங்களுடையது "டீம்") ஒரு டாலர் குறியும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லாமலும் திருப்பித் தரும். உதவியாளர் அதை ஒரு குழுவாக்கி, அவர்களுக்குச் சிக்கன ஆலோசனையும் எழுதிவிட்டது.

ஆனால் நாட் கேட்வே (உள்ளே இருக்கும் மெஷின்கள் வெளியே போகும் வாசல்) விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண் தர வேண்டும். இசி2 (வாடகை மெஷின்) செலவு ஏறியிருக்கிறது, மெஷின்களைச் சிறிதாக்குங்கள் என்றுதான் அதுவும் ஆரம்பித்தது. ஏறியிருந்ததோ "இசி2 அதர்" என்ற வரி. அது ஒரு மூட்டை. மெஷின்களோடு இணைக்கும் இபிஎஸ் டிஸ்க், அதன் நகலான ஸ்னாப்ஷாட், நாட் கேட்வே, டேட்டா டிரான்ஸ்ஃபர் எல்லாம் அதற்குள்தான். யூசேஜ் டைப் வாரியாகப் பிரி என்று ஒரே ஒரு வரி சொன்னேன், நாட் கேட்வே பைட்ஸ் என்பதைப் பிடித்து, எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டி, விலையையும் எடுத்துப் போட்டது: வடக்கு வர்ஜீனியா ரீஜியனில் மணிக்கு 0.045 டாலர், அதோடு கடந்துபோகும் ஒவ்வொரு ஜிபிக்கும் 0.045 டாலர். புதிதாகப் போட்ட ஒரு பேட்ச் வேலை (மொத்தமாக ஓடும் புரோகிராம்) எஸ்3யிலிருந்து இழுக்கும் அத்தனை தரவையும் நாட் வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. நாட்டைத் தொடாமல் எஸ்3க்கு நேராகப் போகும் வழியான கேட்வே எண்ட்பாயிண்ட் இலவசம், எந்தத் தரவு எந்த வழியில் போகும் என்று சொல்லும் ரூட் டேபிளில் சேர்த்தால் போதும். சேர்த்தோம், நின்றது. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த பேட்ச் வேலைதான் காரணம் என்று கண்டுபிடித்தது எங்கள் குழுவில் ஒருவர். எந்த வேலை என்பது உதவியாளரிடம் இருந்த தரவிலேயே இல்லை. இருந்தும் வாய் கூசாமல் வேறொரு சர்வீஸின் பெயரைச் சொல்லிப் பார்த்தது.

இப்போது எங்களிடம் ஒரு பக்க அளவில் ஒரு குறிப்புக் கோப்பு இருக்கிறது, ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் அது மாடலுக்குப் போய்விடும். செலவு என்றால் அமார்ட்டைஸ்டு. வரி, கிரெடிட், ரீஃபண்ட் நீக்கியது. ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை நாட்கள், கடைசி இரண்டு நாள் கணக்கில் வேண்டாம், அவை இன்னும் நிரம்பி முடிந்திருக்காது. டேக் இல்லாத செலவைத் தனி வரியாகக் காட்டு. கூட்டல் கழித்தலை மனக்கணக்காகப் போடாதே, கோட் எழுதிப் போடு. ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த அழைப்பிலிருந்து வந்தது என்று எழுது. தரவில் இல்லாத காரணத்தைச் சொல்வதானால் "ஊகம்" என்று முன்னால் போடு. இந்தக் கடைசி வரி மட்டுமே பாதித் தலைவலியைக் குறைத்தது. இதில் எதுவும் ஏஐக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த விதி இல்லை, பல வருஷமாக என் தலைக்குள் மட்டும் இருந்தவை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கூட நான் எழுதிக் கொடுத்ததில்லை.

பொறுமை தேவைப்படும் சில்லறை வேலைகளில் அதை மிஞ்ச ஆளில்லை. gp2 என்ற பழைய வகை டிஸ்க்குகளை gp3 என்ற புதிய வகைக்கு மாற்றினால் எவ்வளவு மிச்சம் (வடக்கு வர்ஜீனியாவில் மாதம் ஒரு ஜிகாபைட்டுக்கு முறையே 10 சென்ட், 8 சென்ட்), 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கப்படும் பொது ஐபிவி4 (இணைய) முகவரிகள் எத்தனை, அவற்றின் செலவு எவ்வளவு என்று வரிசையாகப் போட்டுத் தரும். எதனோடும் இணைக்கப்படாத டிஸ்க்குகளைத் தேட மட்டும் இன்னொரு படிக்கும் அனுமதி கொடுத்தோம். கிடைத்தவற்றை அழிக்கச் சொல்லும். அதைக் கேட்டு நேராக அழிப்பதில்லை. அப்படி அனாதையாகக் கிடந்த ஒன்று, மைக்ரேஷனுக்கு (தரவை இடம் மாற்றியதற்கு) முந்தைய ஒரே பேக்கப்பாக இருந்தது.

போன மாதம் மூன்றாம் தேதி கேள்வி வரவில்லை. வழக்கமாகக் கேட்பவருக்கும் அந்த உதவியாளரைத் திறந்து கொடுத்திருந்தேன், அவரே கேட்டுப் பார்த்திருக்கிறார் போல. மதியம் எனக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது: "நிதித் துறை ஷீட்டில் வேற எண் இருக்கே, அவங்க அன்பிளெண்டட்ல பாக்கறாங்களா?"