ஆடிப்பட்டத்துக்கு முன் நின்றுபோன விதை அஞ்சல்கள்

"அண்ணா, சிறகவரை விதை கேட்டு ரெண்டு தடவை எழுதினேன், பதிலே வரலையே" என்று ஒருவர் போனில் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நாட்டு விதைகளைக் கைமாற்றிக்கொள்ள நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சிறிய வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கிறோம். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒன்பது நாள் முன்பு அதன் இயங்குதளமான டெபியனை 11-ஆம் பதிப்பிலிருந்து 12-க்கு மாற்றியிருந்தேன். தளம் திறந்தது, படங்கள் வந்தன, சரி என்று எழுந்துவிட்டேன். நிரப்பினால் எங்களுக்கு மின்னஞ்சலாக வர வேண்டிய விதை கேட்கும் படிவத்தை ஒரு முறை நிரப்பி அனுப்பிப் பார்க்கவில்லை. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லாத நேரம்.

உட்கார்ந்து நானே நிரப்பி அனுப்பினேன். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில், அனுப்ப முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. போனில் பார்க்கிறவர் கண்ணில் அது படாது.

முதலில் பிளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) மேல் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். அடுத்து போர்ட், அதாவது அஞ்சல் வெளியே போகும் எண்ணிட்ட வாசல். வாடகை சர்வர்களில் 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பது சகஜம். ஆனால் எங்கள் அஞ்சல் போவது 587 வழியாக, அது திறந்தே இருந்தது.

அப்புறம்தான் ஒரு தாளை எடுத்து அஞ்சல் போகும் வழியை எழுதினேன். படிவம் வேர்ட்பிரஸிடம் கொடுக்கிறது. வேர்ட்பிரஸ் தனக்குள் இருக்கும் அஞ்சல் பகுதியான பிஎச்பிமெயிலரிடம், அது பிஎச்பியின் (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) மெயில் ஃபங்ஷனிடம், பிஎச்பி எங்கள் சர்வரில் உள்ள எம்எஸ்எம்டிபி என்ற சின்ன நிரலிடம், அது வெளியே இருக்கும் அஞ்சல் சேவையிடம். இதில் எந்தக் கையில் நின்றது என்று கடைசிக் கையிலிருந்து பின்னோக்கி வந்தேன். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அந்தக் காலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) எம்எஸ்எம்டிபியை நேரடியாக இயக்கியதும் அஞ்சல் சில நொடிகளில் வந்தது. ஆக வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறது, கடவுச்சொல்லும் சரி. அடுத்து பிஎச்பியில் ஒரே வரி எழுதி டெர்மினலில் ஓட்டினேன். செண்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலைக் காணோம் என்றது. காரணம் அங்கேயே தெரிந்தது. பிஎச்பியிடம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது செண்ட்மெயிலைத்தான் தேடும். எங்கள் சர்வரில் செண்ட்மெயில் கிடையாது. அதற்குப் பதில் எம்எஸ்எம்டிபியைக் கூப்பிடச் சொல்லி பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தேன். டெபியன் 11-இல் இருந்தது பிஎச்பி 7.4, 12-இல் இருப்பது 8.2. டெபியனில் ஒவ்வொரு பிஎச்பி பதிப்புக்கும் தனி அமைப்புக் கோப்புறை. என் வரி பழைய 7.4 கோப்புறையிலேயே தங்கிவிட்டது. கோப்பே புதிது என்பதால், அப்டேட்டின்போது "பழையதை வைத்துக்கொள்ளட்டுமா" என்ற கேள்வியும் இதற்கு வராது.

அந்த வரியைப் புதிய கோப்பில் சேர்த்தேன். டெர்மினலில் அஞ்சல் போனது. தளத்திலிருந்து போகவில்லை! அரை மணி நேரம் என்னைக் குழப்பியது இதுதான். 8.2 கோப்புறைக்குள்ளேயே இரண்டு பிஎச்பி.ஐஎன்ஐ இருக்கின்றன, டெர்மினலுக்கு ஒன்று, தளத்தைப் பரிமாறும் வெப் சர்வர் நிரலான அப்பாச்சிக்கு ஒன்று. நான் திருத்தியது டெர்மினலுக்கானது. அப்பாச்சியின் பிழைப் பதிவைத் திறந்தால், செண்ட்மெயில் இல்லை என்ற அதே புலம்பல் ஒன்பது நாளாக வரிவரியாகக் கிடக்கிறது. முதலில் திறந்திருக்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.

இரண்டு கோப்புகளிலும் வரியைப் போட்டிருந்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். ஆனால் டெபியன் 13-இல் பிஎச்பி 8.4, அங்கே போகும்போது இதே கதை திரும்ப நடக்கும். அதனால் எம்எஸ்எம்டிபி-எம்டிஏ என்ற துணைப் பொதியை நிறுவினேன். செண்ட்மெயில் என்ற பெயரில் யார் கூப்பிட்டாலும் எம்எஸ்எம்டிபி வந்து நிற்கும்படி அது இணைப்பு போட்டுவிடுகிறது. பிஎச்பி.ஐஎன்ஐயில் இனி கை வைக்க வேண்டியதில்லை. நான் போட்ட வரியையும் எடுத்துவிட்டேன்.

பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு தவறும் கண்ணில் பட்டது. படிவத்தில் அனுப்புநர் முகவரியாக, விதை கேட்பவரின் முகவரியையே வைத்திருந்தேன். யாகூ முகவரியோடு அப்படி அனுப்பினால் அது போலி அஞ்சலாகக் கணக்காகும். தங்கள் சர்வர் வழியாக வராததை நிராகரிக்கச் சொல்லி யாகூ 2014 ஏப்ரலிலேயே விதி போட்டிருக்கிறது. இப்போது அனுப்புநர் எங்கள் தளத்தின் முகவரி, பதில் போகும் முகவரி மட்டும் கேட்பவருடையது.

தொலைந்த கோரிக்கைகளை மீட்க வழியில்லை. எங்கள் படிவப் பிளகின் வந்ததைத் தனியாகச் சேமித்து வைப்பதில்லை. அப்பாச்சியின் பதிவு 14 நாளுக்கு இருப்பதால் எண்ணிக்கையாவது கிடைத்தது. இயந்திரங்கள் அனுப்பியதாகத் தெரிந்தவற்றைக் கழித்தால் 11. யார், என்ன விதை கேட்டார்கள் என்பது அதில் இல்லை. அந்தப் பதினொரு பேரை நினைத்தால் மனசு கஷ்டமாக இருந்தது. படிவத்தில் வருவது தரவுத்தளத்திலும் சேரும்படி அன்றிரவே ஏற்பாடு செய்தேன். பிழை வரியையும் தமிழில் பெரிதாக்கி, கீழே ஒரு போன் எண்ணைச் சேர்த்தேன். முகப்புப் பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் மன்னிப்புக் கேட்டு, திரும்ப எழுதச் சொன்னேன்.

இன்று காலை வரை நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். சிறகவரை கேட்டவருக்கு உறை போட்டாகிவிட்டது, கூடவே கொஞ்சம் பீர்க்கன் விதையும்.