ஊராட்சி நிதியில் குழந்தைகளின் மனக்காயத்துக்கும் ஓர் இடம்

கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சிமென்ட் சாலை, வாய்க்கால் தூர்வாருதல் என்று வரிசையாக வரும். குழந்தைகள் என்ற பேச்சு அங்கன்வாடிக்கு வெள்ளையடித்த செலவோடு முடிந்துவிடும். அந்தக் கட்டடத்துக்குள் அன்றாடம் குழந்தைகளோடு இருக்கும் பணியாளரும் உதவியாளரும், மனக்காயப்பட்ட குழந்தையை எப்படி அணுகுவது என்று கற்றுக்கொள்வதற்கும் ஊராட்சி பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

எங்கள் பகுதி அங்கன்வாடியில் ஒரு குழந்தை இருந்தது. யாராவது குரலை உயர்த்தினால் சுவரோடு ஒண்டிக்கொள்ளும். கையில் கொடுத்த சத்துமாவு உருண்டையைத் தின்னாமல் இறுக்கிப் பிடித்திருக்கும். மதியம் மற்ற பிள்ளைகள் தூங்கும்போது அது மட்டும் வாசலைப் பார்த்தபடி விழித்திருக்கும். பிடிவாதக்காரப் பிள்ளை என்றே எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பு குறித்த பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த உதவியாளர் அக்காதான் அதட்டலை நிறுத்தினார். வாசல் கண்ணில் படும்படி சுவரோரமாக, தினமும் அதே இடத்தில் பாயை விரித்தார். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை ஒவ்வொரு முறையும் அருகில் அமர்ந்து முன்கூட்டியே சொன்னார். நாளாக ஆகக் குழந்தை தூங்கத் தொடங்கியது. இதில் மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை.

இப்படிப்பட்ட குழந்தைகள் எங்கோ ஓரிருவர் அல்லர். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானதாகக் கூறியது. சிறுவயதில் அனுபவித்த கொடுமைகளுக்கும் பிற்காலத்து இதயநோய், மனச்சோர்வு, போதைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பணத்துக்கு வழி இருக்கிறதா என்று கேட்பவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் 25-ஆவதாக மகளிர், குழந்தைகள் மேம்பாடு இருக்கிறது. அந்தப் பொருள்களில் உள்ளூருக்குத் தேவையானவற்றுக்குச் செலவிட, மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 40 விழுக்காட்டை நிபந்தனையற்றதாக வைத்தது. நிபந்தனையற்ற நிதியில் 5 விழுக்காட்டைக் குழந்தைகளின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன. ஆனால் அந்த மானியத்தைச் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ எடுக்கக் கூடாது என்பதால், பணியாளர் பயிற்சிக்குப் போகும் நாள்களில் மையத்தைப் பார்த்துக்கொள்பவருக்குத் தரவேண்டிய தொகையை வீட்டுவரி போன்ற சொந்த வருவாயிலிருந்து தருவதே முறையாக இருக்கும். இந்தச் சிறிய தொகையை யாரும் திட்டமிடாததால்தான் பல பயிற்சிகள் தாளோடு நின்றுபோகின்றன என்று நினைக்கிறேன். ஏற்கெனவே பதிவேடுகளும் கணக்கெடுப்பும் தலைக்குமேல் கிடக்கும் ஒருவர்மீது, ஈடு எதுவும் தராமல் இன்னொரு பொறுப்பையும் சுமத்துவது நியாயமல்ல.

2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் தமிழகக் கடலோரப் பகுதிகளில் களப்பணியாளர்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி அளித்தது. பேரிடரை ஒட்டி வரும் பயிற்சிக்கு அதற்கான பணமும் வருகிறது. குடிக்கும் தகப்பனாலும் கடன்காரரின் கூச்சலாலும் நடுங்கும் குழந்தைக்கு அப்படி எந்த நிவாரணமும் அறிவிக்கப்படுவதில்லை. ஆகவே இந்தச் செலவு ஆண்டுதோறும் கணக்கில் இடம்பெற வேண்டியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 2020-இல் தன் ஊழியர்களுக்கு இத்தகைய பயிற்சி அளிக்கச் சட்டமே இயற்றியது.

2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. அத்தகைய காலத்திலும் கிராம சபைக்குத் தீர்மானம் போடும் உரிமை உண்டு. ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும் அக்டோபர் 2 கூட்டத்தில் எழுப்ப வேண்டியவை இவை: அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், சத்துணவுப் பணியாளர் ஆகியோருக்கு ஆண்டுக்கு ஒரு பயிற்சி, அதன்பின் மாவட்ட மனநலத் திட்டத்தினரோடு காலாண்டுக்கு ஒரு கலந்தாய்வு, பயணச் செலவும் மாற்று ஏற்பாட்டுக்கான தொகையும். இவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டக் கேட்டு, அதன்பிறகு கையெழுத்திடுங்கள்.