பேஸ்மென்ட் நாட்குறிப்பு: முறுகிப்போன இலைகள்

2025 ஜனவரி 4, சனி

காலையில் செடி வளர்க்கும் டென்ட்டின் ஜிப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, நடுச்செடி சரியில்லை. மேல் இலைகளின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடிந்து ஓடம் மாதிரி நிற்கின்றன. நுனியைத் தொட்டேன், அப்பளம் போல நொறுங்கிக் கையோடு வந்தது. பக்கத்துச் செடிகள் இரண்டிலும் மடிப்பு இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்துக் கிச்சனரில். 2018 அக்டோபர் 17 முதல் இங்கே கஞ்சாவுக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. 19 வயது நிரம்பியவர்கள் வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். நான்கு என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. என்னிடம் மூன்று. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இது இந்தியாவின் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதை மிளகாய்ச் செடிக் கதையாக எடுத்துக்கொள்ளலாம். கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்க் கழிவுத் தூளில், வைக்கிற எதற்கும் இது பொருந்தும்.

முதல் சந்தேகம் காற்றின் மேல். வெளியே மைனஸ் 12, வீட்டுக்குள் ஹீட்டர் ஓயாமல் ஓடுகிறது. டென்ட்டுக்குள் 26 டிகிரி, ஈரப்பதம் வெறும் 22 சதவீதம். இப்படிப்பட்ட காற்று இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். வேர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் ஓரம்தான் முதலில் காயும். எல்இடி விளக்கும் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை 45க்கு ஏற்றி, வெளிச்சத்தை 60 சதவீதமாகக் குறைத்தேன். படுக்கையறையிலிருந்த, காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். இது மனைவிக்கு இன்னும் தெரியாது.

ஜனவரி 8, புதன்

தெரிந்துவிட்டது. ராத்திரி தொண்டை வறண்டு எழுந்திருக்கிறாள். புதிதாக ஒன்று வாங்கியாயிற்று.

ஈரப்பதம் இப்போது 50க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனாலும் நேற்று விரிந்த இளம் இலையும் சுருண்டே வருகிறது. வெறும் காற்றுப் பிரச்சினையாக இருந்தால் புது இலையாவது தேறியிருக்க வேண்டும்.

அடுத்த பயம் பூச்சி. மிளகாயில் இலையைச் சுருட்டுகிற முரணை பிடிக்கும் அல்லவா, அதே சிலந்திப்பேன் இந்தச் செடியையும் விடாது. குருத்து முறுக்கிக்கொண்டு, மினுமினுப்பாக, தொட்டால் உடைகிற மாதிரி ஆகிவிடும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 60 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து ஆறு இலைகளின் அடிப்பக்கம் முழுக்கப் பார்த்தேன். முட்டையும் இல்லை, ஓடுகிற எதுவும் இல்லை. நிம்மதிதான், ஆனால் காரணம் இன்னும் கைக்கு வரவில்லை.

ஜனவரி 11, சனி

நடுச்செடியின் இலைகளில் இப்போது துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளிகள். கீழ் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது, நடுவெல்லாம் வெளுத்துவிட்டது. முதலாவது கால்சியம் பற்றாக்குறையின் முகம், இரண்டாவது மக்னீசியத்தினுடையது.

மீட்டரை எடுத்தேன். ஊற்றுகிற உரத் தண்ணீரின் இசி, அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1.4; அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 5.9. தொட்டிக்குக் கீழே வடிந்த தண்ணீரில் இசி 2.9. அதாவது தொட்டிக்குள் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது.

கோகோபீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். சின்ன வயதில், தேங்காய் நார் எடுக்கிற மஞ்சி மில்லுக்கு வெளியே இந்தத் தூள் குன்று குன்றாகக் கிடக்கும், யாருக்கும் வேண்டாத கழிவு. இன்று அதையே கழுவி, கட்டியாக அழுத்தி, கப்பலில் ஏற்றுகிறார்கள். இங்கே அதை நான் டாலர் கொடுத்து வாங்குகிறேன். என் அப்பாவிடம் இந்த விலையைச் சொல்லவே இல்லை.

தேங்காய் மட்டையில் இயற்கையிலேயே பொட்டாசியமும் சோடியமும் நிறைய உண்டு. தூளின் ஒவ்வொரு துணுக்கும் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும். கால்சியம் வந்தால் அவற்றை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். அதனால், தண்ணீரில் மட்டும் கழுவிய கோகோவில் நட்டால் நாம் ஊற்றுகிற கால்சியத்தை முதலில் தூளே சாப்பிட்டுவிடும், செடிக்கு மிச்சம்தான். இதற்காகத்தான் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து விற்கிறார்கள். என் பையின் மேலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

குழாய்த் தண்ணீரின் இசி 0.7. எங்கள் வட்டாரம் நிலத்தடி நீருக்குப் பேர் போனது, கெட்டிலுக்குள் சுண்ணாம்பு படிகிற ரகம். அந்த 0.7 முழுக்கக் கால்சியம்தான் என்று நினைத்து, கால்சியமும் மக்னீசியமும் கலந்த கால்மேக் மருந்தை ஆரம்பத்திலிருந்தே பாதி அளவுதான் சேர்த்தேன். இன்று முழு அளவாக்கினேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பித்தளைப் பானை பேஸ்மென்ட் அலமாரியில் இருந்தது. அம்மா வீடியோ காலில் இருக்கும்போதே அதை எடுக்கக் கீழே போனேன். டென்ட்டை மூட மறந்திருந்தேன்.

"ஏஞ்சாமி, பொறத்தால என்ன செடி அது?"

"புளிச்சகீரைம்மா."

இலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பொய்யில் பாதி நியாயம் உண்டு. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு கெடக்குது. உப்புத் தண்ணி ஊத்தறயாக்கும்."

"இங்க நல்ல தண்ணிம்மா. சோப்பு அப்படி நுரைக்கும்."

"அப்புறம் ஏன் இப்படி நிக்குது?"

பதில் சொல்லாமல் பானையைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

ஜனவரி 18, சனி

எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மாதம் ஒரு முறை கடையிலிருந்து 20 கிலோ உப்பு மூட்டை வாங்கி, தோளில் வைத்துப் படியிறங்கி, ஹீட்டருக்குப் பக்கத்திலிருக்கும், கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் தொட்டியில் கொட்டுவது என் வேலை. இன்று கொட்டிக்கொண்டிருந்தபோது கை பாதியில் நின்றுவிட்டது. இந்த உப்பெல்லாம் எங்கே போகிறது?

சாஃப்ட்னருக்குள் இருக்கும் பிசின் மணிகள் செய்வது கோகோ செய்கிற அதே வேலைதான், திசை மட்டும் வேறு. கடின நீரிலிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் மூட்டை உப்பால் கழுவி மறுபடி தயாராக்கிக்கொள்ளும். செடிகளுக்கு நான் பிடிப்பது பேஸ்மென்ட் சலவைத் தொட்டிக் குழாயில். அது சாஃப்ட்னரைத் தாண்டி வருகிற தண்ணீர்.

மீன் தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு நண்பரிடம் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்தை வாங்கிவந்தேன். பேஸ்மென்ட் தண்ணீர் முதல் சொட்டிலேயே பச்சையானது, அதாவது கால்சியம் ஏறக்குறைய பூஜ்யம். சமையலறைக் குளிர்நீர்க் குழாய் சாஃப்ட்னருக்கு முன்பே பிரிந்து வருகிறது. அந்தத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினேன். 19ஆவது சொட்டில்தான் நிறம் மாறியது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 340 மில்லிகிராம் கடினத்தன்மை. அத்தனையும் சோடியமாக மாறினால் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகும்.

இரண்டு தண்ணீரிலும் இசி மீட்டர் காட்டுவது அதே 0.7. உப்பு எவ்வளவு இருக்கிறது என்றுதான் அதற்குத் தெரியும், எந்த உப்பு என்று தெரியாது. பக்குவப்படுத்திய கோகோவில் இரண்டு மாதமாகச் சோடியத்தை ஊற்றி, பிடித்துவைத்திருந்த கால்சியத்தைத் துரத்தியிருக்கிறேன். நடுச்செடி விளக்குக்கு நேர் கீழே நிற்கிறது. அதிகம் குடித்தது அதுதான், அதனால் அடியும் அதற்குத்தான் அதிகம்.

அம்மா பத்து நொடியில் சொன்னதை நான் சோப்பு நுரையைக் காட்டி மறுத்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

கழுவும் படலம். வெறும் தண்ணீரில் அலசினால் தனியாக மிதக்கிற உப்பு போகும், தூள் பிடித்துவைத்திருக்கும் சோடியம் அவ்வளவு எளிதில் போகாது. அதைத் தள்ள கால்சியம்தான் வேண்டும். சமையலறைத் தண்ணீர் பாதி, சிங்குக்குக் கீழே இருக்கும் ஆர்ஓ தண்ணீர் பாதி, அதில் முழு அளவு கால்மேக், அமிலம் விட்டு பிஎச் 5.8. ஆர்ஓ கலக்காமலும் ஊற்றலாம், ஆனால் இந்த ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு பிஎச்சை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், அமிலம் கொட்டி மாளாது.

11 லிட்டர்த் தொட்டி ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை, அரை மணி இடைவெளியில், மெதுவாக. வடிநீர் முதலில் தேநீர் நிறத்தில் வந்து, மூன்றாவது முறை வெளுத்தது. இசி 2.9லிருந்து 1.6க்கு இறங்கியது. முதுகு போய்விட்டது.

ஜனவரி 27, திங்கள்

நடுச்செடியில் இரண்டு ஜோடிப் புது இலைகள், தட்டையாக, ஓரம் மடியாமல். விரலால் வளைத்துப் பார்த்தேன், ரப்பர் போல வளைந்து திரும்பியது. பழைய இலைகள் முறுகினது முறுகினதுதான், அவை தேறும் என்று காத்திருக்க வேண்டாம். ரொம்ப மோசமான நாலைந்தைக் கிள்ளிவிட்டேன், மற்றதை விட்டுவைத்தேன். பாதி காய்ந்த இலையும் பாதி சமைக்கும்.

இப்போது தினமும் ஊற்றுகிறேன், ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு வடிகிற அளவுக்கு. கோகோவை மண் என்று நினைத்துக் காயவிட்டால் உள்ளே இருக்கும் உப்பு இன்னும் செறிந்துவிடும். அந்தத் தவறையும் டிசம்பரில் செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்று செடியும் நன்றாக இருக்கின்றன. வடிநீர் இசி 1.5. ஹியூமிடிஃபையர் மேலே போய்விட்டது.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன்: சாஃப்ட்னர், சோடியம், பத்தொன்பது சொட்டு, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"போன குளிர்காலத்துல என் கறிவேப்பிலைச் செடி குளிர்லதான் செத்துச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு எந்தக் குழாய்த் தண்ணி ஊத்துனீங்க?"