தாய்லாந்து ஏடிஎம்முக்கு எழுதும் மொய்

பாங்காக் தெருக்கடையில் ஒரு தட்டு பாட் தாய் நூடுல்ஸ், தாய்லாந்துப் பணத்தில் 60 பாட்டுக்கே கிடைக்கும். (தின்பதும் பாட், கொடுப்பதும் பாட், பழகிவிடும்.) அதே தெருமுனை ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டைச் செருகினால் ஒரு தடவைக்கு 220 பாட் கட்டணம், சிலவற்றில் 250. பகல் கொள்ளைதான், வேறென்ன?

2,000 எடுத்தாலும் 220, 20,000 எடுத்தாலும் 220. முதல் கணக்கில் 11 சதவீதம் போகிறது, அடுத்ததில் 1.1. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர் பயணம் முழுக்க மொய் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதோடு முடிவதில்லை. 20,000 கேட்டால் நம் வங்கிக்கு 20,220 என்றே கணக்கு போகும். அதன்மேல் மார்க்-அப், அதாவது பாட்டை ரூபாயாக மாற்ற நம் வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம், பல டெபிட் கார்டுகளில் 3.5 சதவீதம். மார்க்-அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 1,055 பாட் காலி, பதினேழு தட்டு பாட் தாய்! வெளிநாட்டில் பணம் எடுத்ததற்கென்று வங்கி தனியாகப் பிடிப்பது இதில் சேரவில்லை.

பெரிய கண்ணி கடைசித் திரையில் இருக்கிறது. "உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழியும், சம்மதமா?" என்று ரூபாயில் காட்டும். பார்க்க வசதியாகத்தான் இருக்கும். அந்த மாற்று விகிதம் ஏடிஎம்காரர் வைத்தது, லாபமும் அவருக்கே. 'டிக்ளைன்' அல்லது 'வித்தவுட் கன்வர்ஷன்' அமுக்குங்கள். டிக்ளைன் என்றால் பணமே வராது என்று பயந்துதான் பலர் சம்மதித்துவிடுகிறார்கள். பணம் வரும். பாட் கணக்கிலேயே கழிந்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு விகிதத்தில் ரூபாயாக மாறும்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடியே வரும். ஏடிஎம்முக்குத் தனி பொத்தான். கடை ஸ்வைப்பை மட்டும் திறந்தால் போதாது. கிரெடிட் கார்டில் பணம் எடுக்கவே வேண்டாம், அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

என்னைக் கேட்டால், கையில் டாலர் கொண்டுபோய் மாற்றுவதே மேல். சுவர்ணபூமி விமான நிலையத்தில் மேல்தள வங்கிக் கவுன்டர்களைக் கண்டுகொள்ளாமல், நகருக்குப் போகும் ரயில் லிங்க் இருக்கும் அடித்தளத்துக்கு இறங்குங்கள். அங்குள்ள மாற்றுக் கடைகளில் விகிதம் நன்றாக இருக்கும். பாஸ்போர்ட் கேட்பார்கள். 100 டாலர் நோட்டுக்குச் சின்ன நோட்டுகளைவிட நல்ல விலை. கிழிசல், கிறுக்கல் இருந்தால் தள்ளிவிடுவார்கள். ஏடிஎம் அவசரத்துக்கு மட்டும்.

அப்படி எடுக்கும்போது வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரமாகப் பாருங்கள், அதுவும் கிளை திறந்திருக்கும் நேரத்தில்; கார்டை விழுங்கினால் உள்ளே போய்க் கேட்கலாம். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், சீட்டையும் இயந்திர எண்ணையும் படமெடுத்து நம்மூர் வங்கியிடம் புகார் கொடுக்க வேண்டும்.

வருவது பெரும்பாலும் ஆயிரம் பாட் நோட்டு. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும் டாக்ஸியில் அதை நீட்டினால் சில்லறை இல்லை என்பார். ஏறும் முன் செவன்-இலெவனில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி நோட்டை உடைத்துவிடுங்கள்.