சம்ப்பில் தண்ணீர் குறைகிறதா? உளி எடுக்கும் முன் அளந்து பாருங்கள்

நேற்று நிரப்பிய சம்ப்பில் (தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி) இன்று மட்டம் அரை அடி இறங்கிவிட்டால், உள்ளே முழுக்கக் கொத்திப் பூச வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிடுவார். கேட்காதீர்கள். கசியும் இடத்தைத் தண்ணீரே காட்டும்.

இரவில் மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் வரும் குழாயின் வால்வையும் அடையுங்கள். உலர்ந்த குச்சியில் சாக்பீஸ் தேய்த்து அடிவரை விட்டு எடுத்தால் நனைந்த கோடு பளிச்சென்று தெரியும். 24 மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளங்கள். 6க்கு 5 அடி சம்ப்பில் ஒரு செ.மீ. இறங்கினால் சுமார் 28 லிட்டர் போயிருக்கிறது. மூடிய சம்ப்பில் ஆவியாவது சொற்பம். புது சம்ப் என்றால் சுவரே கொஞ்சம் குடிக்கும். நிரப்பி மூன்று நாள் விட்டு அளக்க வேண்டும்.

இறங்குகிறதென்றால் அப்படியே விடுங்கள். மட்டம் வந்து நிற்கும் உயரத்தில்தான் ஓட்டை. குழாய் நுழையும் இடத்தில் நின்றால் பாக்கியம்: சுற்றிலும் ஓர் அங்குலம் கொத்தி, சுருங்காத கலவை அடைத்தால் முடிந்தது. அடிவரை வற்றினால், பெரும்பாலும் தரையும் சுவரும் சேரும் மூலைதான். அங்கே பழைய பூச்சைப் பெயர்த்து, கழுவி, ஈரம் காயுமுன் சிமென்ட் பால் அடித்து, 1:3 கலவையை (ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல்) இரண்டு அங்குலச் சரிவாக இழைக்க வேண்டும். வாட்டர்புரூஃப் திரவம் பல டப்பாக்களில் சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி என்றுதான் இருக்கும். கூட ஊற்றினால் பலம் குறையும். பூசியபின் ஏழு நாள் நனைக்க வேண்டும். தண்ணீர் வருகிற நாள் என்று அவசரப்பட்டு இரண்டாம் நாளே நிரப்புவதால்தான் பாதிப் பூச்சு வீணாகிறது.

மதுரையைச் சுற்றிக் கண்மாய்ப் பாசன நிலத்தில் எழுந்த நகர்களில் இன்னொரு வம்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறினால் கசிவு நின்றதுபோல் இருக்கும். உண்மையில் அதே விரிசல் வழியே வெளித் தண்ணீர் உள்ளே வரும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே சித்திரையில் அளங்கள். மழைக்காலத்தில் காலிசெய்து துடைத்து, சுவர் எங்கே வேர்க்கிறது என்று பாருங்கள். புதைத்த பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் அப்போது காலிசெய்யக் கூடாது, மண்ணைப் பிளந்து மேலே எழும்பிவிடும்.

வேலைக்காக சம்ப்புக்குள் ஆள் இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே மூடியைத் திறந்து, ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். உள்ளே ஆள் இருக்கும்வரை மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும். உள்ளிருப்பவர் மயங்கினால் மேலே நிற்பவரும் குதிக்கக் கூடாது; இடுப்பில் கட்டிய கயிற்றால்தான் இழுக்க வேண்டும்.