பதாகையில் எழுதுமுன்

கொழும்பில் ஊர்வலம் போவதானால் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் ஊர்வலம் தொடங்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். எழுத்தில் கொடுத்து, நகலில் திகதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேறு.

சிக்கல் பெரும்பாலும் பதாகையில்தான். “விகாரைக் காணிக் கணக்கைக் காட்டுங்கள்” என்றால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். புத்தரையோ சிலுவையையோ கேலியாக வரைந்தால் கணக்கு மறந்துபோகும், படம்தான் பேச்சாகும். கும்பிடுகிற அயலவருக்கும் மனம் நோகும்.

பேச்சுரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனாலும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவில் கைதானால் நீதவான் பிணை தர முடியாது. மேல் நீதிமன்றம்தான் தரலாம். வெறுப்புத் தூண்டலைத் தடுக்க வந்த பிரிவு அது. 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவரை அதே பிரிவில் நான்கு மாதம் சிறையில் வைத்தார்கள். அது அநியாயம்.

பதாகையில் சிங்கள வரி இருந்தால், அதை அச்சுக்கு முன் சிங்களவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.